மூன்று சேம் சைடு கோல்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே கால் மணி. பந்து எங்கள் கோல் வாசலுக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

உண்மையிலேயே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் இருந்த என்னுடைய சிவப்புக் கார் நின்றுவிட்டது. எதிரணியின் இரண்டு கார்களும் நின்றுவிட்டன. பெட்டிக்குள் இருந்த ஃபேன் மட்டும் தேங்காய்ச் சில்லு மாட்டிக்கொண்ட மிக்ஸி மாதிரி கத்தியது. பிறகு அதுவும் அடங்கியது. திரை கருப்பாகி, அதில் என் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

அடுக்களையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கலா, ஜெயிச்சாச்சா?"

"செத்துப்போச்சு."

"யாரு?" என்று கரண்டியோடு ஓடி வந்தார்.

கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஒரு ஆள் போயிருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லி அழலாம். இதை யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் நான் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை.

புண்ணாக்கும் ஊசியும்

முதன்முதலில் ரத்தம் எடுக்கப் பழகிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "ஊசியும் சோதனைக் குழாயும் தவிர உங்களுக்கு வேறு பொழுதுபோக்கே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். உண்டு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் சொல்லவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. கோரிப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் விளாங்குடியில் என் வீட்டு மூலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவேன். கார் ஓட்டிக்கொண்டே பெரிய பந்து ஒன்றை முட்டி எதிரணியின் கோலுக்குள் தள்ள வேண்டும். அணிக்கு இரண்டு பேர். ஐந்து நிமிஷ ஆட்டம். அவ்வளவுதான் விளையாட்டு.

என் அணியில் இன்னொரு ஆள் என் அண்ணன் முத்துக்குமார். என்னைவிட நாலு வயது பெரியவன். அலங்காநல்லூரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறான். ஆட்டத்தில் அவன் பெயர் 'புண்ணாக்கு'. என் பெயர் 'ஊசி'. உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருக்கும் பிள்ளைகள் எங்களிடம் தோற்றிருக்கிறார்கள். தங்களைத் தோற்கடித்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த மாதங்களில் தொடங்கிய பழக்கம் இது. என் மகள் கல்லூரியில் படிக்கும்போது விளையாடுவதற்கென்றே வாங்கிய கம்ப்யூட்டர், அவள் வேலைக்குப் பெங்களூரு போனதும் எனக்கு வந்தது. அண்ணனுக்கு அவன் மகனுடையது. மற்ற வீடுகளில் பெற்றவர்களின் பொருள் பிள்ளைகளுக்குப் போகும். எங்கள் வீட்டில் பிள்ளைகளின் சொத்து பெற்றவர்களுக்கு வந்தது.

முட்டியை மடக்கி நடந்தவள்

அண்ணனோடு சேர்ந்து விளையாடுவது எனக்குப் புதிதும் அல்ல. நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் தெரு முனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு டிவி, ஒரு பெட்டி, மணிக்கணக்கில் வாடகை. கூட ஒரு சின்னப் பிள்ளையை அழைத்துப் போனால் அதற்குக் காசு இல்லை.

அந்தச் சின்னப் பிள்ளை நான். எட்டு வயது வரை எந்தச் சிக்கலும் இல்லை. பதினொன்றாவது வயதில் திடீரென்று அண்ணனைவிட ஒரு விரல்கடை உயரமாகிவிட்டேன். அண்ணன் என்னைக் கடைக்கு நாலு வீடு தள்ளியே நிறுத்தி, "முட்டிய மடக்கிக்கிட்டு நட ஆத்தா" என்பான். பாவாடைக்குள் முட்டியை மடக்கி, வாத்து மாதிரி நடந்து கடைக்குள் போவேன். கடைக்காரர் ஒரு நாள் அம்மாவைப் பார்த்து, "உங்க புள்ளைக்குக் கால்ல ஏதோ கோளாறு இருக்கும்மா, பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா என்னை அழைத்துக்கொண்டு போயும் விட்டாள். அங்கே வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட அண்ணனோடுதான் பேச்சு நின்றது.

பேருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் புது வீடு கட்டினான். புதுமனை புகுவிழாப் பத்திரிகை வந்தது. நல்ல கனமான அட்டை, தங்க எழுத்து. தாய்மாமன் பெயர், சித்தப்பா பெயர், எல்லாப் பெயரும் வரிசையாக இருந்தன. என் கணவர் பெயரும் இருந்தது. 'சரவணன், ஆசிரியர்' என்று.

என் கணவர் எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் இருந்தது. வாசலில் என் அப்பா செய்து மாட்டிய பெயர்ப்பலகையில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அண்ணன் பத்திரிகையில் மட்டும் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதே பத்திரிகையில், அண்ணன் மனைவியின் தம்பி ஐ.டி.ஐ. படித்ததைப் போட்டிருந்தார்கள்.

போன் போட்டு அண்ணனைக் கேட்டேன். "எடம் பத்தலத்தா" என்றான். மூன்று பக்கம் வெற்று இடம் இருந்த பத்திரிகை அது. பேச்சு வளர்ந்தது. "வீட்டு மாப்பிள்ளையோட படிப்பப் போட எடமில்லாத வீட்டுக்குள்ள எனக்கு மட்டும் எடமிருக்கா?" என்று கேட்டு போனை வைத்தேன். விழாவுக்குப் போகவில்லை. அவனும் திரும்பக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். 'புண்ணாக்கு' ஏற்கெனவே வந்து காத்துக்கொண்டிருந்தான். மைக்கை அணைத்திருந்தான். நானும் அணைத்தேன். விளையாடினோம். பேச்சு வேறு, ஆட்டம் வேறு.

அந்த ஆட்டத்தில் மைக் இல்லாமலே சொல்வதற்கு நாலைந்து ஆயத்த வாக்கியங்கள் உண்டு. ஒரு பட்டனைத் தட்டினால் 'நைஸ் ஷாட்' என்று போகும். இன்னொன்றைத் தட்டினால் 'சாரி'. இன்னொன்று 'தேங்க்ஸ்'. இரண்டு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். தீபாவளியன்று அவன் ஒரு 'தேங்க்ஸ்' அனுப்பினான். எதற்கு என்று தெரியவில்லை. நானும் ஒன்று அனுப்பினேன்.

இப்போது கம்ப்யூட்டர் போனதன் கனம் உங்களுக்குப் புரியும். விளையாட்டை நடத்துகிறவர்கள் அதை மேலும் மேலும் அழகாக்கிக்கொண்டே போனார்கள். புல்லுக்கு நிழல், மழைக்குத் துளி என்று சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். என் பழைய கம்ப்யூட்டர் அந்தப் புல்லைச் சுமக்க முடியாமல் படுத்துவிட்டது.

சந்தனப் பொட்டு

என் கணவர் நிதானமானவர். சரித்திர ஆசிரியர். எந்தப் பேரரசு எந்தச் செலவால் அழிந்தது என்று பட்டியல் வைத்திருப்பவர். ஒரு பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டார்.

"புதுசு வேண்டாம். இருக்கறதையே சரி பண்ணுவோம். பதினெட்டாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது."

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் ஜாபர் பாய் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. பெட்டியை மேசையில் வைத்தோம்.

"இதுல என்னக்கா வேலை பாப்பீங்க? கணக்கு வழக்கா?"

"கேம் ஆடணும் பாய்."

"தம்பிக்கா?"

"எங்களுக்குப் பொண்ணுதான் பாய். அவ பெங்களூர்ல இருக்கா."

"அப்ப சாருக்கா?" என்று என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கையை என் பக்கம் காட்டினார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணியமான மனிதர்.

பெட்டியைத் திறந்ததும் மூன்று பேரும் தும்மினோம். உள்ளே ஒரு பல்லியின் வால் இருந்தது. பல்லி இல்லை. மல்லிகைப்பூ நார் ஒரு முழம் இருந்தது. பாய் பெட்டியைத் திருப்பி, காற்று வரும் வட்டமான ஓட்டையை விரலால் சுரண்டினார். கெட்டியாக ஏதோ பெயர்ந்து வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம் மாதிரி இருக்கே."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பது அவர் பொறுப்பு. முன்னால் வட்டமாக, நடுவில் அழகாக ஒரு இடம் இருந்ததால் அங்கேயே சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருக்கிறார். ஏழு வருஷம். பெட்டி மூச்சு விடும் வழியே அதுதான்.

"பக்தி நல்லதுதான் சார்" என்றார் பாய். "மூக்குல வச்சிட்டீங்க."

பிறகு அவர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. மூளை நன்றாகத்தான் இருக்கிறது. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் சட்டென்று எழுந்திரிக்கும். ரேம் இன்னொன்று சேர்க்க வேண்டும். முக்கியமாக, இந்தப் பெட்டியில் படம் காட்டுவதற்கென்று தனி கார்டே கிடையாது. மகள் பிறகு வாங்கலாம் என்று விட்டிருக்கிறாள். பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது, ஒரு மாதம் பார்த்துக்கொண்டு கெட்டுப்போனால் திருப்பித் தரலாம். கார்டு வந்தால் மின்சாரம் கூடக் கேட்கும், ஆகவே பவர் சப்ளையும் மாற்ற வேண்டும். அதில் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது.

கணவர் கூட்டிப் பார்த்தார். பதினேழாயிரத்துச் சொச்சம். அவர் முகத்தில் ஒரு பேரரசைக் காப்பாற்றிய களை.

அப்போதுதான் பாய் கார்டை உள்ளே வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நடுவில் ஒரு தகரத் தட்டு இடித்தது. கார்டு அரை ஜாண் வெளியே நின்றது.

"புது கேபினட் வாங்கிரலாம் சார்."

"எம்புட்டு?"

பாய் சொன்னார். கணவர் விடைத்தாளை மடித்துப் பையில் வைத்தார். "வெட்டிரலாம்" என்றார்.

கப்பலூர் அறுவை சிகிச்சை

மதுரையைச் சுற்றி எங்கே போனாலும் என் கணவரிடம் படித்த ஒருவர் எதிரே வருவார். பெரும்பாலும் சரித்திரத்தில் தோற்றவர்கள். தேறியவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. கப்பலூரில் கேட், ஜன்னல் எல்லாம் செய்கிற பட்டறை வைத்திருக்கும் ராஜாங்கம் அப்படி ஒருவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது.

உள்ளே இருந்ததையெல்லாம் பாய் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் கூட்டை மட்டும் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். நாற்கரச் சாலைக் காற்றுக்குக் கூடு 'ஊ' என்று ஊதிக்கொண்டே வந்தது.

ராஜாங்கம் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், என்னைய எட்டாப்புல ரெண்டு வருஷம் வச்சிருந்தீங்க" என்றார்.

"நீதான்ப்பா பேப்பர்ல ஒண்ணுமே எழுதல."

"அதச் சொல்லல சார். அதனாலதான் பட்டறைக்கு வந்தேன். இன்னைக்குப் பதினாலு பேருக்குச் சம்பளம் குடுக்கேன்."

ராஜாங்கம் மெஷினை ஓட்டினார். தீப்பொறி பறந்தது. இடித்த தட்டு நாலு நிமிஷத்தில் கையோடு வந்தது. ஓரம் கையைக் கிழிக்காமல் ராவினார். ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். போதாக்குறைக்கு, "வெட்டுன எடம் அசிங்கமா தெரியுது சார்" என்று சொல்லி, அரிசி மில் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பெயின்டை முழுக் கூட்டுக்கும் அடித்துக் கொடுத்தார்.

பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, கிளி பார்த்தால் வெட்கப்படும் பச்சை.

பாய் அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாவற்றையும் மாட்டி, ஆட்டத்தில் புல், மழை எல்லாவற்றின் அழகையும் உச்சத்தில் ஏற்றி வைத்துப் போட்டுக் காட்டினார். அருமையாக ஓடியது. கிளம்பும்போது ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது என்னவென்று பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று கோல்

மூன்று ஞாயிறு போய்விட்டிருந்தது. நாலாவது ஞாயிறு, நாலு மணி. மகாராணியை உட்கார வைப்பது மாதிரி பச்சைப் பெட்டியை மேசையில் வைத்து, வயர்களை நானே மாட்டினேன். இருபது வருஷமாகக் குண்டுக் கைகளில் கண்ணுக்குத் தெரியாத நரம்பைத் தேடிப் பிடிப்பவள். நாலு வயர் எனக்கு எம்மாத்திரம்?

கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்தது. ஆட்டத்தைத் திறந்தேன். 'புண்ணாக்கு' வந்து நின்றான். அவனுடைய கார் என் காரை ஒரு முறை லேசாக இடித்தது. அது எங்களுக்குள் ஒரு வழக்கம். நானும் திருப்பி ஒரு இடி இடித்தேன்.

ஆட்டம் தொடங்கியது. படம் நகரவில்லை. நகர்ந்தது, ஆனால் பழைய ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி நகர்ந்தது. பந்து இங்கே இருந்தது, அடுத்த பார்வையில் அங்கே இருந்தது, நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. கோலைக் காப்பாற்றலாம் என்று பாய்ந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் பந்து எங்கள் கோலுக்குள் இருந்தது. தள்ளியது நான்.

பதறிப்போய் 'சாரி' என்று தட்டினேன். படம் துள்ளியதில் விரல் மாறி 'தேங்க்ஸ்' போனது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு நான் ஒன்றும் செய்யவேயில்லை. சும்மா நின்ற என் கார்மேல் பட்டுத் தெறித்து உள்ளே போனது. பயத்தில் ஒரு பட்டனைத் தட்டினேன். 'நைஸ் ஷாட்' என்று போனது.

'புண்ணாக்கு' ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினான். இத்தனை வருஷத்தில் அது நடந்ததே இல்லை.

ஜாபர் பாய்க்கு போன் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு நாகூருக்குக் கிளம்பியிருந்தார். பஸ் சத்தத்தில் அவர், "இங்க நல்லா ஓடுச்சேக்கா" என்றது மட்டும் கேட்டது. அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எண் மனப்பாடம். ஆனால் நான் முதலில் போன் போட்டால் பத்திரிகை சரி என்று ஆகிவிடாதா? போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஊசிய எடு, சொல்றேன்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆய்வகத்தில் என் முன்னால் வந்து கையை நீட்டியது தனம் மதினி. அண்ணன் மனைவி. சர்க்கரைப் பரிசோதனை. அலங்காநல்லூரில் ஆய்வகமே இல்லாத மாதிரி இங்கே ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

சர்க்கரைப் பரிசோதனையில் ஒரு வசதி. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. நடுவில் ஆள் எங்கேயும் போக முடியாது. மதினி நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒங்கண்ணன் கடையில தப்புத் தப்பா எடை போடுறாரு. பருத்திக்கொட்டை கேட்டவருக்குத் தவிட்டைக் குடுத்துட்டாரு. மாடு திங்கலன்டு அவரு திருப்பிக் கொண்டாந்துட்டாரு."

"ஏன் மதினி, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கென்ன. நீதான மூணு சேம் சைடு கோல் போட்ட."

நான் மேசையில் இருந்த சோதனைக் குழாய்களை அடுக்கினேன்.

"கோல் போட்டதோட விட்டியா. ரெண்டுக்கு தேங்க்ஸு, ஒண்ணுக்கு நைஸ் ஷாட்டு. மனுசன் சோறு எறங்காம கெடக்காரு. 'பேசாட்டிப் போறா, கூட நின்னு ஆடுறாள்லன்டு இருந்தேன் தனம். இப்ப அங்கயும் எதிராளியாயிட்டா'ன்டு சொல்றாரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். பல்லி வால், சந்தனம், கப்பலூர், எல்லாம். மதினி புரையேறச் சிரித்தாள். பிறகு, "இத ஒங்கண்ணன்கிட்டச் சொல்ல வேண்டியதான?" என்றாள்.

"நான் ஏன் சொல்லணும்? பத்திரிகையில பட்டத்தப் போடாதது யாரு?"

மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கையில் பட்டையைக் கட்டி, ஊசியை ஏற்றினேன்.

"கலா, ஒண்ணு சொல்லணும். மொதல்ல ஊசிய எடு. சொல்றேன்."

எடுத்தேன். பஞ்சை வைத்தேன்.

"பட்டம் போட வேணாம்ன்டு சொன்னதே ஒன் வீட்டுக்காரருதான்த்தா. ஒங்கண்ணன் மூணு பட்டத்தையும் போட்டு அச்சடிக்கக் குடுத்துட்டாரு. ஒன் வீட்டுக்காரரு ரகசியமா போன் பண்ணி மூணையும் எடுக்கச் சொன்னாரு. ஒண்ண மட்டும் எடுத்தா எங்கன்டு நீ கேப்பியாம். அந்த எம்.ஃபில். அவரு முடிக்கவே இல்லையாம்."

நல்லவேளை, ஊசி வெளியே இருந்தது.

நடுவில் கல்யாணம் ஆகிவிட்டது

அன்று மாலை என் கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"எம்.ஃபில். என்ன தலைப்பு?"

சிவப்புப் பேனா நின்றது. மூடியைத் தேடி எடுத்து மாட்டினார்.

"பதிவு பண்ணேன் கலா. முடிக்கல. பொண்ணு பாக்க வர்றப்ப எங்க சித்தப்பா முடிச்சிட்டான்னு சொல்லிட்டார்."

"இருபத்தேழு வருஷம் ஆச்சு. முடிச்சிருக்கலாம்ல?"

"நடுவுல கல்யாணம் ஆயிருச்சு."

"வாசல்ல பலகை இருக்கே."

"அது உங்கப்பா மாட்டுனது. அவர் கையால மாட்டுனத நான் எப்படிக் கழட்டறது? ஆனா முத்துக்குமார் வீட்டு விசேஷத்துக்கு எங்க ஹெட்மாஸ்டர் வந்தாரு. அவருக்கு என் படிப்பு தெரியும். அவர் முன்னாடி பொய்யை அச்சடிச்சுத் தர எனக்கு மனசு வரல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ போனை எடுத்துட்டே."

அது உண்மைதான். இல்லாத ஒரு பட்டத்துக்காக நான் இரண்டு வருஷம் போர் நடத்தியிருக்கிறேன். சரித்திர ஆசிரியர் அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

ஓட்டு மெஷின்

அந்த ஞாயிற்றுக்கிழமை பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக அலங்காநல்லூர் பஸ் ஏறினேன். கம்ப்யூட்டர் ஓடவில்லை என்பதற்கு அந்தக் கம்ப்யூட்டரே சாட்சி. அதைக் காட்டி, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று நிரூபித்துவிட்டு, பிறகு பத்திரிகை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்பது என்று திட்டம். வரிசை முக்கியம். முதலில் என் பக்க நியாயம், பிறகு மன்னிப்பு.

"என்னக்கா இது, இன்வெர்ட்டரா?" என்றார் கண்டக்டர்.

"இது அது இல்லப்பா, ஓட்டு மெஷினு" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "எலெக்சன் வருதா என்ன?"

அதற்குள் பின் சீட்டு வரைக்கும் பேச்சு போய்விட்டது. தங்கள் வார்டுக்கு எப்போது தேர்தல் என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டாள். தெரியாது என்றதும், "மெசினையே மடியில வச்சிருக்க, தெரியாதுங்கிற" என்று கோபித்துக்கொண்டாள்.

அண்ணன் கடையில் இருந்தான். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில், கம்ப்யூட்டர் முன்னால், விளையாடாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். பெட்டியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை. எழுந்து வந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கனத்தைச் சுமந்துகொண்டு நான் நிற்பதை அவனால் எப்போதும் பார்க்க முடியாது.

மேசையில் வைத்தான். தன் மானிட்டரின் வயரைப் பிடுங்கி இதில் சொருகினான். போட்டான். ஆட்டத்தைத் திறந்தான்.

ஓடியது. வழுக்கிக்கொண்டு ஓடியது. புல் தனித்தனியாக ஆடியது. மழைத்துளி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக அந்த ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை:

"நல்லாத்தான ஓடுது."

நான் குனிந்து பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன். அப்போதும் ஓடியது.

"அப்ப வேணும்ன்டுதான் போட்டிருக்க."

"சத்தியமா எங்க வீட்டுல ஓடலண்ணே" என்றேன். குரல் உடைந்துவிட்டது. பதினொரு வயதில்கூட அவன் முன்னால் அப்படி அழுததில்லை.

அண்ணன் முகம் மாறியது. "சரி, சரி. அழுகாத. ஒன் வீட்டுல மானிட்டர் வயர எங்க சொருகுன?"

"அங்கதான். எப்பவும் சொருகுற ஓட்டையில. மேல."

அவன் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. தவிட்டு மூட்டை மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"கூறுகெட்டவளே. அது பழைய ஓட்டைத்தா. புதுசா வாங்குன கார்டோட ஓட்டை கீழ இருக்கு பாரு. புதுக் கெணறு வெட்டிப்புட்டு, பழைய கெணத்துலயே வாளிய விட்டிருக்க."

ஜாபர் பாய் கிளம்பும்போது சொன்னது அதுதான். கீழ் ஓட்டையில் மாட்டுங்கள் என்று. நான் தலையாட்டியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கச் சரியான நேரம் அது என்று தோன்றியது. "எம்.ஃபில். கதை தெரிஞ்சு போச்சுண்ணே. ஏண்ணே என்கிட்டச் சொல்லல? எம்புட்டுத் திட்டு திட்டுனேன்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாப்ள சொல்ல வேணாம்ன்டு கேட்டுக்கிட்டாரு. நான் திட்டு வாங்குனா போனை வச்சிட்டு என் சோலியப் பாத்துட்டுப் போயிருவேன். அவரு ஒன் கூடயே இருக்கணும்ல."

அண்ணன் கடையை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போய் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். மணி நாலு. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கினோம்.

ஏழுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

பேச முடிந்ததுதான் காரணம். "நீ போ" என்றால் "நீ போண்ணே" என்றேன். "பந்த விடுத்தா" என்றால் இரண்டு பேரும் விட்டோம். ஒரு முறை இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்ந்து எங்கள் கார்களே முட்டிக் கவிழ்ந்தன. நாலாவது கோல் யாரால் விழுந்தது என்பதில் தொடங்கிய வாக்குவாதம், ஆட்டம் முடிந்த பிறகும் முடியவில்லை. அண்ணன் மூட்டையைத் தட்டிப் பேசினான், தவிடு பறந்தது. நான் எழுந்து நின்று பேசினேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். தனம் மதினி வாசலில் காபி டம்ளர்களோடு நின்றிருந்தாள்.

"என்ன தனம், கலா கொரல் மாதிரி கேக்குது. இன்னமும் சண்டையா?"

"இல்லத்தா" என்றாள் மதினி. "ராசியாயிட்டாக."